பட்டிக்கு அடியில்: ஒரு 1968 பான்டியாக் ஜிடிஓ வாங்கிய அனுபவம்

2016ல் வாங்கிய ஒரு சிவப்புக் காரில் 13,000 டாலர் இழந்தேன். 2019ல் வாங்கிய வெளிர் மஞ்சள் கார் இன்றும் என் வீட்டுக் கராஜில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை, அமெரிக்கப் பழைய கார்கள் மேல் ஆசை வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன். இங்கே மிச்சிகனில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர். ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறுபதுகளின் கார்கள் ஊர்வலமாகப் போவதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் ஒன்று வாங்கினால் என்ன?’ என்று ஒரு தடவையாவது நினைத்திருப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்தச் சிவப்புக் கார் 1970 செவ்ரலே செவெல். பானட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள், முன்னும் பின்னும் எஸ்எஸ் முத்திரை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த சூப்பர் ஸ்போர்ட் வகை. ஒஹாயோவில் ஒரு வியாபாரியின் கூடத்தில், வரிசையாக வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நின்றது. எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டினார். சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. அரை மணி நேரத்தில் 34,000 டாலருக்குப் பேசி முடித்தேன். காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வசந்தத்தில் பின் சக்கரத்துக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளித்தது. கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. டிங்கரிங் கடையில் சுரண்டிப் பார்த்தபோது, அந்த இடத்தில் தகடே இல்லை. கம்பி வலையை வைத்து, அதன் மேல் விரற்கடை கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, அப்பியிருந்தார்கள். அதோடு முடியவில்லை. 1970 எஸ்எஸ் 396ல் பின் அச்சின் மூடியில் 12 போல்ட் இருக்க வேண்டும். என் காரில் 10 தான் இருந்தன. செவெலின் சாதாரண வகையான மாலிபு காருக்கு முத்திரை ஒட்டி எஸ்எஸ் ஆக்கியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லி விற்றேன். 21,000 கிடைத்தது.

எனக்கு மிகவும் வலித்தது பணம் போனது அல்ல. கோவையில் அப்பா பழைய அம்பாசிடர் வாங்கப் போனபோது ஒரு டிங்கர் மேஸ்திரியைக் கூடவே அழைத்துப் போனார். மேஸ்திரி எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். ‘டங்’ என்று கேட்டால் நகர்வார். ‘தொப்’ என்று கேட்டால் நின்று, “இங்க பட்டி இருக்குங்க” என்பார். எனக்கு அப்போது பத்து வயது. கூடவே நடந்து நானும் தட்டிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாகப் பார்த்த ஒன்றை, முப்பது வருஷம் கழித்து, கார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மறந்திருக்கிறேன்.

செவெல் போன பிறகு எனக்குக் கிடைத்த பெரிய துணை பக்கத்து வீட்டுப் பெரியவர். 1967ல் இருபது வயதில் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அதே கம்பெனியில் இருந்தவர். முதலில் அவர் சொன்னது இதுதான்: நல்ல காரா என்று பார்க்காதே, என்ன காராகப் பிறந்தது என்று பார். ஏன் அப்படி என்று புரிய, மசில் கார் என்று சொல்லும் இந்த வண்டிகள் எப்படி வந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் பொருத்திப் பார்த்தார்கள். தனி மாடலாகக் கொண்டுவந்தால் மேலிடம் தடுக்கும். அதனால் 1964ல், டெம்பெஸ்டின் ஒரு வகையான லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் வசதி என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. முதல் வருஷமே 32,450 விற்றது. மற்ற கம்பெனிகள் பின்னாலேயே வந்தன.

ஆக, மசில் கார் என்பது சாதாரணக் குடும்பக் காரின் உடம்பில் பெரிய எஞ்சினும், சில முத்திரைகளும், கொஞ்சம் கெட்டியான உறுப்புகளும். அன்று தொழிற்சாலையில் அந்த உறுப்புகளைப் பூட்டியது போலவே, இன்று யார் வேண்டுமானாலும் தன் கொட்டகையில் பூட்டலாம். கிட்டத்தட்ட எல்லா உதிரி பாகமும் புதிதாகவே கிடைக்கிறது. உண்மையான காருக்கும் வேஷம் போட்ட காருக்கும் பல நேரம் விலை இரண்டு மடங்கு வித்தியாசப்படும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் காகிதமும் எண்களும் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

நான் அடுத்து பான்டியாக் ஜிடிஓ வாங்குவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் இந்த எண்கள்தான். 1966 முதல் 1971 வரை ஜிடிஓ தனி மாடல். வண்டியின் அடையாள எண் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ; 237 என்றால் லெமான்ஸ். வேறு விவாதமே இல்லை. 1968 முதல் இந்த எண் ஓட்டுநர் பக்கம் கண்ணாடி வழியாகவே தெரியும். அடுத்த இரண்டு எண்கள் உடலமைப்பு: 37 என்றால் கூரை வைத்தது, 67 என்றால் திறந்து மூடும் கூரை. அதற்கடுத்தது வருஷம், அப்புறம் தொழிற்சாலை எழுத்து. பி என்றால் பான்டியாக் நகரம். இதற்கும் மேலே, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தொழிற்சாலையின் பழைய பில் பதிவுகளின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்ன நிறம், என்னென்ன வசதிகள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஃபோர்டு கார் என்றால் 1967 முதலானவற்றுக்கு இதே மாதிரியான மார்ட்டி அறிக்கை வாங்கலாம். 1970 டாட்ஜ், பிளிமத் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்; ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின். செவெலில்தான் கஷ்டம். 1968 வரை எஸ்எஸ் 396க்கு 138 என்று தனி எண் இருந்தது. 1969 முதல் அதுவும் இல்லை. பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ பின் சீட்டுக்கு அடியிலேயோ, காரில் என்னென்ன பூட்டியது என்று எழுதிய தொழிற்சாலைத் தாள் ஒன்று கிடைத்தால் உண்டு. எனக்கு இது 2016ல் தெரிந்திருந்தால் அந்தக் கடைக்குள் நுழைந்தே இருக்க மாட்டேன்.

இரண்டு வருஷம் பணம் சேர்த்தேன், கூடவே பார்த்துக்கொண்டே இருந்தேன். 2019ல் மூன்று 1968 ஜிடிஓக்களை நேரில் போய்ப் பார்த்தேன்.

முதல் கார் இந்தியானாவில். வெர்டோரோ பச்சை, 1968 ஜிடிஓ என்றாலே பலருக்கு மனதில் வரும் நிறம். சேசிஸ் வரை பிரித்து மறுபடி கட்டியது என்றார் உரிமையாளர். கேட்ட விலை 46,000. அழகான வேலை, குறை சொல்லவே முடியாது. பானட்டைத் திறந்து, தீச்சுவரில், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், இருக்கும் சிறிய தகரப் பட்டையைப் பார்த்தேன். அதில் பெயிண்ட் எழுத்து டி என்று இருந்தது. வெர்டோரோவுக்கு எழுத்து க்யூ. டி என்பது ப்ரிமவேரா பெய்ஜ் என்ற மங்கிய மணல் நிறம். சரி, நிறம் மாற்றியது குற்றமில்லை, ஆனால் மாற்றியதை அவர் சொல்லவில்லை. அடுத்து எஞ்சின். 1968 முதல் பான்டியாக் எஞ்சினின் முன்புறம், வலது பக்கம், வண்டி எண்ணின் கடைசிப் பகுதியைக் குத்தியிருப்பார்கள். 28 என்று தொடங்கி, தொழிற்சாலை எழுத்து வந்து, பிறகு வரிசை எண் வரும். பக்கத்திலேயே இரண்டு எழுத்துக் குறியீடு இருக்கும். ஆட்டோமேட்டிக் ஜிடிஓவுக்கு ஒய்எஸ், கியர் வண்டிக்கு டபிள்யூடி. இந்தக் காரில் வேறு ஒரு வண்டியின் எண் இருந்தது. பின்னால் கையை விட்டு விளக்கடித்துப் பார்த்தபோது வார்ப்பு எண் 557ல் முடிந்தது. அது எழுபதுகளின் நடுவில் வந்த 400 கன அங்குல எஞ்சின். பழையதை விட மெலிந்த வார்ப்பு. காரைப் பற்றி எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 30,000க்கு வந்திருந்தால் நல்ல கார். 46,000க்கு அது வேறொரு காரின் விலை.

இரண்டாவது கார் பத்து நிமிஷம்தான். கண்ணாடிக்குக் கீழே எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூ இதழ் மாதிரி தலை உள்ளவையாக இருக்க வேண்டும். இதில் சாதாரணக் கடை ரிவெட் இருந்தது. எண் தகட்டைக் கழற்றி மாட்டிய காரைத் தொடவே கூடாது. அது சட்டப் பிரச்சினை, விலைப் பிரச்சினை அல்ல. வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாவது கார் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரம். ஓர் அம்மையார் விற்றார். அவருடைய கணவர் 1983ல் வாங்கி, இறக்கும் வரை வைத்திருந்த கார். மேஃபேர் மெய்ஸ் என்ற வெளிர் மஞ்சள் நிறம், எழுத்து ஒய். பலருக்குப் பிடிக்காத நிறம். அதனாலேயே விலை கொஞ்சம் குறையும். எனக்கு அது பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இதமாக இருந்தது. பெயிண்ட் மங்கியிருந்தது. ஒரு அட்டைப் பெட்டி நிறைய ரசீதுகள் இருந்தன. எண் 242378பி என்று தொடங்கியது. எஞ்சினில் ஒய்எஸ், 28பி, அதே வரிசை எண். சிலிண்டர் ஹெட்டின் நடுவில் 16 என்ற வார்ப்பு எண். பில் பதிவுக்கு எழுதிப் போட்டு வாங்கினேன், எல்லாம் பொருந்தியது. கேட்ட விலை 38,500.

இப்போது உடம்பு. நான் பெயிண்ட் தரப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் தடிமன் மீட்டரைக் கடன் வாங்கிப் போயிருந்தேன். தொழிற்சாலைப் பெயிண்ட் என்றால் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு தடவை மேலே அடித்திருந்தால் 200, 300 என்று போகும். 1,000ஐத் தாண்டினால் அடியில் பட்டிதான். மீட்டர் இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பிடிக்காமல் நழுவும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் விரல் முட்டி. அன்று மூன்றையும் செய்தேன். கதவுகள், பானட், கூரை எல்லாம் 250 அளவில் சீராக வந்தன. ஒரே ஒரு தடவை மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதை அம்மையாரும் முதலிலேயே சொல்லியிருந்தார். வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் 900. அங்கே ஒரு பழைய அடி இருந்தது, ரசீதும் இருந்தது.

இந்த வகைக் காரில் துரு எங்கே வரும் என்பது பழகியவர்களுக்குக் கை ரேகை மாதிரி தெரியும். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கும். அங்கே தகடு அரித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கி டிக்கித் தரையைத் தின்னும். டிக்கியின் இரண்டு ஓரப் பள்ளங்களும் அடுத்துப் போகும். கூரையில் வினைல் துணி ஒட்டிய கார் என்றால் துணிக்கு அடியில் ஈரம் நின்று இன்னும் மோசமாகும். முன்னால் காற்று வாங்கும் பெட்டி அரித்தால் மழைத் தண்ணீர் ஓட்டுநர் காலடிக்கு வரும். அப்புறம் சேசிஸ். பின் சக்கரத்துக்கு முன்னால் மேலே வளையும் இடத்திலும், பின் முனையிலும் உள்ளே மண்ணும் உப்பும் சேரும். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். இங்கே குளிரில் ஓடிய வண்டியின் சேசிஸை நம்பவே கூடாது. திருப்புளியின் பின்முனையால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். செதில் செதிலாக உதிர்ந்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். தரையில் தண்ணீர்க் கறை, நடுவில் இரண்டு ஓட்டை. பின் கண்ணாடி விளிம்பில் குரோம் பட்டைக்கு அடியில் துருத் தூள். ஓட்டுநர் காலடித் தரையில் யாரோ பழைய தகடு ஒன்றை ஒட்டுப் போட்டிருந்தார்கள், சரியாக வெல்டிங் செய்யாமல். ஆனால் சேசிஸ் அருமையாக இருந்தது. அம்மையாரின் அனுமதியோடு அருகில் ஒரு கடையில் தூக்கிப் பார்த்தோம். அன்று கிளம்பும்போது என் மனைவி, “ஏனுங்க, இந்தத் தடவையாவது அடியில படுத்துப் பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு மணி நேரம் அடியிலேயே இருந்தேன். கதவுகளைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். இடது கதவில் கீல் கொஞ்சம் தேய்ந்து ஆடியது. இடைவெளிகள் எல்லாப் பக்கமும் ஒரே சீர். இடைவெளி கோணலாக இருந்தால் விபத்தோ சேசிஸ் தளர்ச்சியோ இருக்கும். முன்னால் 1968 ஜிடிஓவில் அறிமுகமான எண்டூரா முகம், அதாவது குரோம் இல்லாமல் காரின் நிறத்திலேயே இருக்கும் ரப்பர் போன்ற பம்பர். அதில் மயிரிழை வெடிப்புகள், நிறமும் பக்கத்துத் தகட்டோடு ஒத்துப்போகவில்லை. இது சகஜம்தான், ஆனால் சரி செய்ய எல்லோராலும் முடியாது.

எஞ்சினைப் பற்றி நான் குறைவாகவே சொல்வேன், ஏனென்றால் எஞ்சின்தான் இருப்பதிலேயே சுலபமாகச் சரி செய்யக்கூடியது. எங்கும் ஆள் கிடைக்கும், சில வாரங்களில் முடியும், செலவும் முன்கூட்டியே தெரியும். துரு அப்படி அல்ல. வெட்ட வெட்ட உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இருந்தாலும் சில விஷயங்கள். வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போதுதான் உண்மை பேசும். ஒரு வாய் நீலப் புகை வந்து நின்றது. வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, பெரிய விஷயமில்லை. தொடர்ந்து வந்திருந்தால் பிஸ்டன் ரிங் பிரச்சினை. எட்டுச் சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தோம்: ஏழு 155க்கும் 165க்கும் நடுவில், ஒன்று 148. மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் எனக்குச் சம்மதம். எஞ்சினின் பின்னால் கீழே எண்ணெய்க் கசிவு. பான்டியாக்கில் அங்கே கயிறு மாதிரி ஒரு சீல்தான் போட்டிருக்கிறார்கள், கசியாத காரே அபூர்வம்.

பெரியவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் மெல்லத் திருப்ப வேண்டும். கிராங்க் நகர்ந்ததும் உள்ளே இருக்கும் ரோட்டரும் நகர வேண்டும். இந்தக் காரில் கிராங்க் பத்து டிகிரிக்கு மேல் திரும்பிய பிறகுதான் ரோட்டர் அசைந்தது. டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் சத்தம் குறையட்டும் என்று கேம் பல்சக்கரத்தின் பற்களை நைலானில் செய்திருந்தார்கள். வருஷம் ஆக ஆக அது நொறுங்கி எண்ணெய்த் தொட்டியில் விழும். அவர் இதைச் சொல்லும்போது, பழைய சகாவின் உடம்பு நிலையைச் சொல்வது போலத்தான் இருந்தது.

ஓட்டிப் பார்த்ததில் கியர்பாக்ஸ் நன்றாக மாறியது, பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. மீட்டரில் 61,000 மைல். ஐந்து இலக்கம் மட்டுமே உள்ள மீட்டர் அது. ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யம். ரசீதுகளை வருஷ வரிசையில் அடுக்கினால்தான் தெரிந்தது, 1,61,000. டயர்களில் கடைசி நான்கு இலக்கம் 0709: 2009ஆம் வருஷம் ஏழாவது வாரம். பட்டன் இருக்கிறதே என்று பார்க்கக் கூடாது, பத்து வருஷ டயர் மாற்ற வேண்டிய டயர்.

இனி விலை. இங்கேதான் நான் முன்பு முழுக்கத் தவறினேன். கேட்கும் விலைகளைப் பார்த்து மனதில் ஒரு தொகையை வைத்துக்கொண்டேன். கேட்கும் விலை ஆசை. விற்ற விலைதான் சந்தை. இந்தத் தடவை ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகைகளை மட்டும் எழுதி வைத்தேன். பிரிங் எ டிரெய்லர் என்ற ஏல வலைத்தளம் ஒவ்வொரு ஏலத்தின் முடிவையும் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. ஹேகர்ட்டி காப்பீட்டு நிறுவனம் நிலைமையை நான்காகப் பிரித்து விலை சொல்கிறது: கண்காட்சித் தரம், மிக நன்று, நன்று, சுமார். பெரும்பாலான விற்பனையாளர்கள் தங்கள் காரை இரண்டாம் தரம் என்பார்கள். தெருவில் நாம் பார்க்கும் நல்ல கார்களில் பெரும்பகுதி மூன்றாம் தரம்தான். ஒப்பிடும்போது அதே கியர்பாக்ஸ், அதே எஞ்சின், அதே கூரை உள்ளதோடுதான் ஒப்பிட வேண்டும். நான்கு கியர் வண்டிக்கும், கூடுதல் சக்தி உள்ள ராம் ஏர் எஞ்சினுக்கும் தனி விலை. தொலைக்காட்சி ஏலத்தில் அபூர்வ வண்டி போன விலையைக் காட்டி யாராவது பேசினால், அது நம் காரின் உறவினர் விலை, நம் காருடையது அல்ல.

என் கணக்கு: ஆட்டோமேட்டிக், சாதாரண 350 குதிரைசக்தி எஞ்சின், சொந்த எஞ்சினும் காகிதமும் உள்ள, துரு இல்லாத ஒரு நல்ல 1968 அன்று சுமார் 40,000க்குப் போனது. அதிலிருந்து இந்தக் காரை அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழிக்க வேண்டும். மூன்று கடைகளில் கேட்டு எழுதினேன். ஓட்டுநர் காலடித் தரை 1,500. டிக்கித் தரையும் பின் கண்ணாடி விளிம்பும் 3,500. எஞ்சின் பின் சீலும் டைமிங் செயினும் 2,200. டயர் 900. பிரேக் 600. எண்டூரா முகம் 1,300. மொத்தம் 10,000. ஆக 30,000. பெயிண்ட் மங்கியதை நான் கழிக்கவில்லை, ஏனென்றால் முழுப் பெயிண்ட் அடிக்கும் எண்ணமே இல்லை. நல்ல பெயிண்ட் வேலைக்கு 15,000க்கு மேல் போகும்; அந்தச் செலவு விற்கும்போது திரும்பி வராது. பாழாய்க் கிடக்கும் காரை மலிவாக வாங்கிப் புதுப்பிக்கிறேன் என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதைக்கும். இன்னொருவர் செலவழித்து முடித்த காரை வாங்குவது எப்போதும் மலிவு. சொந்த எஞ்சின் இருப்பதற்கு நான் 10, 15 சதவீதம் கூடுதலாகத் தருவேன். அதற்கு மேல் தர மாட்டேன். துருவில்லாத சேசிஸுக்கு அதைவிடத் தாராளமாகத் தருவேன்.

பருவமும் எனக்குக் கைகொடுத்தது. அக்டோபர் கடைசி. இங்கே குளிர் வந்தால் இப்படிப்பட்ட காரை ஐந்து மாதம் மூடி வைக்க வேண்டும், விற்பவர்களுக்கு இடம் பிரச்சினை. ஏப்ரலில் அதே கார் இரண்டு மூன்றாயிரம் ஏறும்.

அம்மையாரிடம் பேரம் பேசவில்லை. கணக்குத் தாளை அப்படியே மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு வரியையும் படித்தார். காரைப் பற்றி ஒரு குறைச் சொல் நான் சொல்லவில்லை. அவர் கணவர் முப்பத்தாறு வருஷம் துடைத்து வைத்த வண்டி அது. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் ‘பழைய இரும்பு’ என்று சொல்லி 22,000 கேட்டார்களாம். “நீங்கள்தான் எதற்கு என்ன செலவு என்று காட்டுகிறீர்கள்” என்றார். மறுநாள் போன் செய்து 32,000 என்றார். ரசீதுப் பெட்டியோடு 31,000 என்று முடிந்தது. உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் காரின் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்துவிட்டு, வங்கியிலேயே உட்கார்ந்து பணம் கொடுத்தேன். வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’க் காப்பீடு, அதாவது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் காப்பீடு, எடுத்தேன். சாதாரணக் கார் காப்பீட்டில் இதைப் போட்டால், விபத்து நடந்த பிறகு தேய்மானம் கணக்குப் போடுவார்கள்.

அந்த ஞாயிறு காரை பான்டியாக் நகரத்துப் பராசக்தி அம்மன் கோயிலுக்கு ஓட்டிப் போய், பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். 1968ல் பிறந்த ஊருக்கே கார் வந்திருக்கிறது என்று பெரியவர் சொன்னார். கோயிலுக்கு வெளியே பானட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒய்எஸ் என்ற எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் எஞ்சினை இறக்கினோம். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியபோது அடியில், கசடுக்குள், நைலான் பற்களின் துண்டுகள் கிடந்தன, அரிசி நொய் மாதிரி. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பம்ப்பின் வலையை அடைத்திருக்கும். செயின், இரண்டு பல்சக்கரம், சீல், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ஆயிற்று, என் தாளில் எழுதியதைவிட 150 அதிகம். டிக்கித் தரை 3,400. பெரியவர் அந்த நைலான் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, காலி மாத்திரைப் புட்டி ஒன்றில் போட்டு எண்ணினார். இருபத்து மூன்று. புட்டி இன்னும் என் கராஜ் அலமாரியில் இருக்கிறது. கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். பிறகு தடிமன் மீட்டரைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.